என் பெயர் ஒட்டிய பாட்டில்

அன்பு மகனுக்கு,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தோம், பந்தியில் என் எதிரே உட்கார்ந்து இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். வில்லாபுரத்தில் இருக்கிற நான் பழங்காநத்தத்தில் இருக்கிற உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். வண்டியை எடுத்தால் பத்து நிமிடம். ஆனாலும் சில விஷயங்களை உன் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியவில்லை, தம்பி. பலமுறை முயன்று பார்த்துவிட்டேன். நீ எதிரில் வந்து நின்றால் "சாப்பிட்டியா, வண்டியில பெட்ரோல் இருக்கா" என்றுதான் வாய் கேட்கிறது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறாள். என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் உறவுப் பெண்ணின் வளைகாப்பில் நடந்ததை நீயும் பார்த்தாய். பெண்கள் ஒவ்வொருவராகப் போய் நலங்கு வைத்து வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நித்யாவும் எழுந்து, வளையல் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். சொந்தக்கார அம்மாள் ஒருத்தி சிரித்த முகத்தோடு வந்து அந்தத் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ போயி பந்தியில தண்ணி வையி தாயி" என்றாள். கல்யாணமாகி நான்கு வருடம் ஆன மருமகள், போய்த் தண்ணீர் வைத்தாள். நீ மண்டப வாசலில் நின்றிருந்தாய். பார்த்தாய். பார்த்துவிட்டு மறுபடி போனுக்குள் தலையைக் குனிந்துகொண்டாய். அந்தக் குனிந்த தலை எனக்கு நன்றாகத் தெரிந்த தலை. அது என்னிடமிருந்து உனக்கு வந்தது.

சாயங்காலம் நித்யா உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: அடுத்த வாரம் வியாழக்கிழமை மயக்க மருந்து கொடுத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு, கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கப் போகிறார்களாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே எல்லாம் முடித்துவிட்டாள், ஒன்றும் தட்டுப்படவில்லை. "தம்பிக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று உன் அம்மா கேட்டாளாம். நித்யா அழுதுகொண்டே சொன்னாளாம். டாக்டர் உனக்கு எழுதிக் கொடுத்த சீட்டு எட்டு மாதமாக உன் பர்ஸில் மடித்தபடி இருக்கிறது, வேறொரு லேபில் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல் என்று டாக்டரிடம் நீயே சொல்லிவிட்டாய் என்று. உன் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் அப்படிக் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்ற நினைப்பும் கூடவே வந்தது. அந்த யோக்கியதைக் கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

நாங்கள் கல்யாணமான புதிதில் பழங்காநத்தத்தில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். எனக்குக் கப்பலூரில் அலுமினிய வார்ப்புப் பட்டறையில் வேலை. உருக்குகிற உலைக்கு முன்னால் நிற்கிற ஆள் நான். தீப்பொறி படாமலிருக்கக் கெட்டி ஜீன்ஸ் பேண்டை இறுக்கி மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பேன். உடம்பு அப்போது இரும்பு மாதிரி இருக்கும். ஒரு வருடம் போனது, இரண்டு போனது. செக்கானூரணிப் பக்கம் எங்கள் சொந்தம் கூடுகிற வீடுகளில் எல்லாம் "என்ன, புழு பூச்சி ஏதும் உண்டா?" என்ற விசாரிப்பு. மாதம் ஒரு நாள் இரண்டு நாள் தள்ளிப் போனால் உன் அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். குளித்துவிட்டாள் என்றால் அணைந்துவிடும். கோயிலில் மண்சோறு சாப்பிட்டாள். யாரோ சொன்ன வேரை அரைத்துக் குடித்து மூன்று நாள் வாந்தி எடுத்தாள். செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருந்தாள். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், அவளை சைக்கிளில் வைத்துக் கோயில் வாசலில் இறக்கிவிட்டேன். அதுவே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வருடம் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். முதல் நாளே அந்த அம்மா என்னைப் பார்த்து, "இவங்களுக்குப் பார்க்குறதுக்கு முன்னால உங்களுக்குப் பார்க்கணும்" என்றார். விந்தைச் சோதிக்க வேண்டுமாம். வீட்டிலேயே ஒரு சின்ன பாட்டிலில் எடுத்து, சூடு ஆறாமல் சட்டைக்குள் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொண்டு வரலாம் என்றார். ஒருவேளை குறை என்னிடம் என்று வந்துவிட்டால்? பட்டறையில் உலையோடு மல்லுக்கட்டுகிறவன், மீசை வைத்தவன், ஊரில் நான்கு பேர் மதிக்கிற குடும்பத்துக்காரன். ஆண்மை என்பது வேறு, விந்தணு என்பது வேறு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்தேன். இன்றைக்குக் கல்லூரி முடித்த நீயும் அப்படித்தான் நினைக்கிறாய் என்று சந்தேகப்படுகிறேன்.

பாண்டி மாமாவை உனக்குத் தெரியும். உன் காதுகுத்துக்கு உன்னை மடியில் வைத்திருந்த மனிதர். அப்போது எனக்குப் பட்டறையில் பக்கத்து உலை, வீடு இரண்டு தெரு தள்ளி. அவனுக்கு வரிசையாக மூன்று பெண் பிள்ளைகள். நான் பாட்டிலைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தேன். என் பெயர் எழுதி அதில் ஒட்டியிருந்தது. அவன் கொஞ்ச நேரம் அதையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "மாப்ள, இது சரியில்ல. நாளைக்கி ஏதாச்சும் ஒண்ணுன்னா தங்கச்சி மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்?" என்றான். நான் கெஞ்சினேன். ஒரு தடவைதான், யாருக்கும் தெரியாது, உனக்கு ஒரு கெடுதலும் இல்லை, நீ நண்பனா இல்லையா என்றெல்லாம் பேசினேன். கடைசியில் கொடுத்தான். நான் அதைச் சட்டைக்குள் அணைத்துப் பிடித்துக்கொண்டு லேபுக்கு சைக்கிளை மிதித்தேன். இந்த இடத்தில் உனக்கு ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கும் என்று தெரியும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது சோதனைக்குப் போன பாட்டில். அதோடு பாண்டியின் பங்கு முடிந்தது. உன் மூக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொள், அப்புறம் என் மூக்கைப் பார், மீதி நிம்மதியும் வந்துவிடும்.

ரிப்போர்ட் அருமையாக வந்தது. வராமல் எப்படி இருக்கும்? மூன்று பிள்ளை பெற்றவனுடையது. அந்தக் காகிதத்தை வீட்டில் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். என் அம்மா அதை மடித்து வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம் மகன் மேல ஒரு குறையும் இல்ல" என்று சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதுவரை இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த பழி அன்றைக்கு உன் அம்மா தலையில் இறங்கியது. அதன் பிறகு இரண்டு வருடம் அவள் பட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மாத்திரை சாப்பிட்டு முகம் வீங்கியது. ஊசி போட்டுப் போட்டு இடுப்பு மரத்தது. கருப்பையைச் சுரண்டிப் பார்த்தார்கள். மயக்கம் கொடுத்து வயிற்றில் ஓட்டை போட்டார்கள். நித்யாவுக்கு வியாழக்கிழமை செய்யப் போகிற அதே காரியம்தான். அன்றைக்கு அது இன்னும் பெரிய வேலையாக இருந்தது. மயக்கம் தெளியும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "என்ன குறைன்னு கண்டுபிடிச்சிட்டாகளா?" என்பது. நான் இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை, தம்பி. இந்த வரியை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

பிறகு வீட்டில் இரண்டாம் கல்யாணப் பேச்சு வந்தது. வேண்டாம் என்று நான் கத்தவில்லை, பேசாமல் இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், "நீங்க வேணும்னா இன்னொரு கல்யாணம் பண்ணிக்கங்க. என்னையத் தொரத்தி மட்டும் விட்டுறாதீக. ஒரு மூலையில இருந்துக்கிறேன்" என்றாள். மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் பாண்டியிடம் இதைச் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிபன் பாக்ஸை மூடி வைத்தான். "சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். நீ சொல்லலன்னா நான் வந்து தங்கச்சிகிட்டச் சொல்லுவேன்" என்றான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அந்த மிரட்டல்தான். அவன் நல்லவனாக இருந்து என்னை மன்னித்துக்கொண்டே இருந்திருந்தால் நான் உருப்பட்டிருக்க மாட்டேன்.

முதலில் டாக்டரம்மாவிடம் போனேன். தனியாகப் போகத் தைரியமில்லாமல் பாண்டியையும் கூட்டிக்கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னதும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்க காகிதத்தை நம்பி ஒரு நல்ல உடம்பில நான் ஓட்டை போட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பிறகு என்னைச் சோதித்தார். அன்றைக்கு நானே கொடுத்த பாட்டிலும் லேபுக்குப் போனது. விந்தணுக்கள் மிகவும் குறைவு, இருப்பதும் சோம்பல். விதைப்பையில் ரத்தக் குழாய்கள் புடைத்திருந்தன. என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "உடம்புச் சூடே அதுக்கு ஆகாதுன்னுதான் அதை உடம்புக்கு வெளியில வச்சிருக்கு. நீங்க அதைக் கொண்டுபோய் உலைக்கு முன்னால நிறுத்தியிருக்கீங்க" என்றார். அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு அந்த அம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்ததைப் பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அந்தப் பாடம் வந்தால் வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். பெண்ணின் சினைப்பையிலிருந்து பொதுவாக மாதம் ஒரு முட்டை வெளியே வருகிறது. அதற்கு ஆயுசு ஒரு நாள்கூட முழுசாக இல்லை. கரு உண்டாவது நாம் நினைக்கிற மாதிரி கருப்பையில் அல்ல, மெல்லிசான கருக்குழாயில். கோடிக்கணக்கில் கிளம்புகிற விந்தணுக்களில் சில நூறுதான் அந்த முட்டைப் பக்கம் போய்ச் சேருகின்றன, அதில் ஒன்றே ஒன்றுதான் உள்ளே போகிறது. அப்புறமும் அந்தக் கரு சில நாள் நகர்ந்து கருப்பைக்கு வந்து, அதன் சுவரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் ஒருவருக்கும் தெரியாமலே கழுவிப் போய்விடும். ஆணும் பெண்ணும் நல்ல ஆரோக்கியமாக இருந்தாலே எல்லா மாதமும் கைகூடாது என்றார். இவ்வளவு இடத்தில் எங்கே தடுக்கிறது என்று தேடும்போது, முதல் வீட்டையே பூட்டி வைத்துக்கொண்டு கடைசி வீட்டில் தேடச் சொன்னால் எப்படி என்று கேட்டார். பாண்டி அதுவரை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தவன், "அப்ப ஆணா பொண்ணாங்கிறது எங்கன வச்சு முடிவாகுது?" என்றான். அது ஆணின் விந்தணு கொண்டு வருவதைப் பொறுத்தது, பெண்ணின் முட்டைக்கு அதில் பங்கே இல்லை என்றார் டாக்டரம்மா. மூன்றும் பெண்ணாகப் பெற்றாள் என்று அவன் வீட்டில் அவன் மனைவியை எம்புட்டுப் பேசியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போய், அவன் அம்மாவையும் மனைவியையும் உட்கார வைத்து, "இனிமே யாரும் இவளப் பேசக் கூடாது, பேசணும்னா என்னையப் பேசு" என்று சொல்லிவிட்டான். தெரிந்த அன்றைக்கே சொன்னான். எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அந்தச் சனிக்கிழமை உன் அம்மாவிடம் சொன்னேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை நறுக்குவதை நிறுத்தவில்லை. முடித்ததும், "பாண்டி அண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "டாக்டரம்மாவுக்கு?" தெரியும் என்றேன். "அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியல" என்று சொல்லிவிட்டுக் காயை அடுப்பில் ஏற்றப் போய்விட்டாள். அதன் பிறகு ஒன்றரை மாதம் எனக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை. நான் அடுத்த முறை டாக்டரிடம் கிளம்பியபோது மட்டும், சேலை மாற்றிக்கொண்டு வந்து சைக்கிள் பக்கத்தில் நின்றாள். எனக்குச் சின்னதாக ஓர் ஆபரேஷன் நடந்தது. உலையை விட்டுவிட்டு, வார்ப்பை அரத்தால் ராவுகிற பகுதிக்கு மாறினேன். இறுக்கமான ஜீன்ஸைத் தூக்கி எறிந்தேன். புது விந்தணு உருவாகி வெளிவர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும், அவசரப்படாதீர்கள் என்றார் டாக்டரம்மா. ஒன்றரை வருடம் காத்திருந்தோம். பிறகு ஒரு மாதம் உன் அம்மா முழுகாமல் இருந்தாள். நீ வந்தாய்.

என்னை இன்றைக்கும் தலைகுனிய வைப்பது அதற்குப் பிறகு அவள் செய்ததுதான். உறவில் யாரிடமும் அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "எனக்கு மருந்து குடிச்சு நேராச்சு" என்று அவளே சொன்னாள். இத்தனை வருடமும் அந்தக் குறை அவள் பெயரில்தான் இருக்கிறது. ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "ஒங்க மீசைக்காக இல்ல, எம் பிள்ளைய யாரும் ஒரு வார்த்தை சொல்லிறக் கூடாது" என்றாள். அவளுக்கு நான் நன்றி சொல்லியதே இல்லை. எங்கள் காலத்தில் பெண்டாட்டிக்கு நன்றி சொல்கிற பழக்கம் இல்லை என்று சாக்குச் சொல்லலாம், அதுவும் பொய்தான். இங்கே சொல்கிறேன். டாக்டரம்மா சொன்ன இன்னொரு விஷயம் மறக்கவே இல்லை. பெண் குழந்தை தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் சினைப்பையில் முட்டைகள் உருவாகிவிடுமாம். அப்படியென்றால் உன்னில் பாதி, உன் அம்மா பிறப்பதற்கு முன்பிருந்தே அவளிடம் இருந்திருக்கிறது. அத்தனை விரதத்திலும், வாந்தியிலும், கத்தியிலும் உன்னைத் தன்னோடு வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். மறுபாதியைக் கொடுக்க வேண்டிய நான்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். அவள் பொறுத்துக்கொண்டாள், பாண்டி பொறுக்கவில்லை, டாக்டரம்மா என்னை வெளியே தள்ளாமல் படம் போட்டு விளக்கினார். இந்த மூன்று பேர் இல்லாவிட்டால் நீ இல்லை. நான் கும்பிடுகிற தெய்வங்களின் வரிசையில் இவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள்.

உன்னிடம் குறை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, அதைத்தான் சொல்கிறேன். இருந்தால் சரிசெய்யக் கூடியதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எங்களுக்குப் பிள்ளை வந்தது போல உங்களுக்கும் வரும் என்று வாக்குக் கொடுக்க நான் டாக்டரும் இல்லை, சாமியாடியும் இல்லை. பிள்ளை இல்லாமலே நீங்கள் இரண்டு பேரும் நன்றாக வாழ முடியும். அப்படி வாழ்ந்தாலும் எனக்கு நீ மகன்தான், அவள் மருமகள்தான். ஆனால் உன் ஒரு சீட்டு மடித்துக் கிடப்பதற்காக அவள் வயிற்றில் ஒரு கத்தி இறங்கக் கூடாது. டாக்டரிடம் நீ சொன்ன நார்மல் என்ற சொல்லை முதலில் நீயே போய்த் திருப்பி வாங்கு. அடுத்த வளைகாப்பில் அவள் கையிலிருக்கிற தட்டை யாராவது பிடுங்கினால், நான் எழுந்து இந்தக் கதையை மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொல்வேன். உன் அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

இதுவரை எழுதியதை நேற்று முடித்தேன். படித்துக் காட்டியதும் உன் அம்மா, இது முதலில் போக வேண்டியது நித்யாவுக்கு என்றாள். இன்று காலை அவளை இங்கே வரச் சொல்லி, கையில் கொடுத்தேன். முன் அறையில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். படித்துவிட்டு உள்ளே போய் உன் அம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வண்டியோடு உன் வாசலில் நிற்பேன், லேப் வரைக்கும் கூட வருவேன், அப்பன் கூட வருவது வெட்கமாக இருந்தால் தெருமுனையில் நின்றுகொள்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு வருவாரா மாமா?"

வருவான்மா என்று சொல்லிவிட்டேன். ஒரு பெண்ணிடம் ஒரு பொய் சொல்லி அவள் உடம்பையே விலையாகக் கொடுக்க வைத்தவன் நான். இந்த இரண்டாவது பெண்ணிடம் நான் சொன்னது உண்மையா பொய்யா என்பது உன் கையில் இருக்கிறது, தம்பி.

உன் அப்பா